ஒன்று பிடித்து வைக்கவில்லை, இன்னொன்று விடவில்லை: இரண்டு ஷட்டர் ரிலீஸ்களும் ஓர் இரவும்

பின்னணி

நிலா இல்லாத ஓர் இரவில் மூன்று பேர் ஒரு பாறைக் குன்றின் மேல் தங்கி நட்சத்திரத் தடங்களைப் படமெடுக்கப் போனோம். துருவ நட்சத்திரத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மற்ற நட்சத்திரங்கள் போடும் வட்டக் கோடுகளை 2 மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை திரும்புகிறது. ஆகவே 2 மணி நேரத்தில் ஒவ்வொரு கோடும் 30 பாகை வில்லாக நீளும். இருவர் படமெடுத்தார்கள், ஒருவர் ஃபிலிமில், ஒருவர் டிஜிட்டலில். இந்தக் குறிப்பில் அவர்களை மூத்தவர், இளையவர் என்றே சொல்கிறேன். நான் கேமரா கொண்டு போகவில்லை. ஃபிலிம் தானாக நேரத்தைக் குறித்துக்கொள்ளாது என்பதால், இருவருக்கும் கடிகாரம் பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலையை ஏற்றிருந்தேன். கீழே உள்ள நேரங்கள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

கேமராவைத் தொடாமல் ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் திரையை) இயக்க உதவும் கருவிதான் ஷட்டர் ரிலீஸ். அதில் மெக்கானிக்கல் கேபிள் நல்லதா, எலக்ட்ரானிக் ரிமோட் நல்லதா என்று இருவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். கம்பி பொய் சொல்லாது என்பது மூத்தவரின் கட்சி. பழைய கேபிளில் கை நடுக்கம் கம்பி வழியாகவே கேமராவுக்குப் போய்விடும் என்றார் இளையவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அன்றிரவு இரண்டு ரிலீஸ்களுமே காலை வாரின, அதுவும் இருவரும் பேசிக்கொண்டிருந்த காரணங்களால் அல்ல. கிளம்பும் முன் இரண்டையும் சோதித்திருந்தோம், இரண்டும் தேறியிருந்தன. அந்தச் சோதனையில் எங்கே ஓட்டை விட்டோம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கருவிகள்

மூத்தவரிடம் இருந்தது 1982இல் வெளிவந்த நிக்கான் எஃப்எம்2. அதன் ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் எல்லா வேகத்திலும் ஷட்டர் ஓடும். டயல் 1 விநாடியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் பல்ப் மோட், அதாவது பொத்தான் அழுந்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். ஃபிலிமில் நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரைத் திறந்து வைத்து ஒளியைப் பதியவிடும் நேரம்) எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். உதாரணமாக, இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அந்த நிறுவனம் தரும் அடுக்கு எண் 1.31. நீண்ட நேரத்தில் ஃபிலிம் மந்தமாவதை ஈடுகட்ட, மீட்டர் காட்டும் விநாடிகளை இந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். மீட்டர் 30 விநாடி காட்டினால் உண்மையில் 86 விநாடி திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் விரலால் பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்க முடியாது, நின்றாலும் படம் ஆடிவிடும்.

அதற்குத்தான் கேபிள் ரிலீஸ். வளையக்கூடிய ஓர் உறை, அதற்குள் ஒரு எஃகுக் கம்பி. ஒரு முனையில் கட்டைவிரலால் அழுத்தும் தண்டு, மறுமுனையில் ஷட்டர் பொத்தானின் நடுவே திருகி மாட்டும் கூம்பு வடிவத் திருகு. தண்டை அழுத்தினால் கம்பியின் நுனி வெளியே வந்து பொத்தானின் உள்பகுதியைத் தள்ளும். இவ்வளவுதான். பல்ப்புக்காக ஒரு பூட்டும் இருக்கும். சிலவற்றில் அது சின்னத் திருகு. மூத்தவருடையது வட்டத்தகடு வகை. தகட்டை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத் தண்டை அழுத்தினால் தண்டு அங்கேயே நிற்கும், தகட்டை அழுத்தினால் திரும்பி வரும். தண்டைப் பிடித்து வைப்பது வெறும் உராய்வு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இளையவரிடம் ஒரு கேனன் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமரா), 2.5 மில்லிமீட்டர் ஜாக் உள்ள மாடல். ரிலீஸ் வேறு யாரோ தயாரித்த சாதாரண வயர் ரிமோட். இந்த வகை ரிமோட்டுக்குள் பெரிய எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. பிளக்கில் மூன்று தொடுமுனைகள் உள்ளன. அடியில் உள்ள நீண்ட பகுதி கிரவுண்ட், நடு வளையம் ஃபோகஸ், நுனி ஷட்டர். பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் வயர் கிரவுண்டைத் தொடும், முழுக்க அழுத்தினால் ஷட்டர் வயரும் தொடும். கேமராவைப் பொறுத்தவரை அதன் சொந்தப் பொத்தானில் விரல் வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அழுத்திய பொத்தானை மேலே நகர்த்தினால் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இருவரும் ரிலீஸை மாட்டி நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார்கள். இரண்டும் ஒவ்வொரு முறையும் ஷட்டரை அடித்தன. சரி, நன்றாக வேலை செய்கிறது என்று பையில் வைத்துக்கொண்டோம்.

மாலை 5.30 முதல் 8.30 வரை

வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்து ட்ரைபாட்களை நிறுத்திவிட்டோம். இருட்டிய பிறகு பாறையில் தடவிக்கொண்டிருப்பது ஆபத்து, ஃபிரேமும் கோணலாகும். 6.15க்கு இளையவர் கேமராவை ஆன் செய்து ரிமோட்டை ஜாக்கில் செருகினார். பேட்டரி முழுதாக இருந்தது. தானாக அணையும் வசதியை நிறுத்தி வைத்திருந்தார். இருட்டில் மறுபடி அமைப்புகளைத் தேட வேண்டாம் என்பது காரணம், அதில் தவறில்லை. லென்ஸில் இருந்த அதிர்வு தடுப்பு மட்டும் ஆனிலேயே இருந்தது. ட்ரைபாடில் அதை அணைத்துவிடுவதுதான் வழக்கம், மறந்துவிட்டார்.

இந்த 2 மணி நேரத்தில் மூன்று அறிகுறிகள் தெரிந்தன. மூன்றையும் பார்த்தோம், ஒன்றையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஏறத்தாழ 6.40க்கு அவர் மெனுவைத் திறந்தபோது அது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. இரண்டு முறை அப்படி ஆனது. வயரைச் சற்று நகர்த்திவிட்டுத் திரும்பத் திறந்ததும் சரியாகிவிட்டது. 7.30 வாக்கில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது லென்ஸிலிருந்து மெல்லிய முனகல் சத்தம் வருவதை மூத்தவர் கவனித்துச் சொன்னார். புது லென்ஸ்கள் அப்படித்தான் என்று பேச்சு முடிந்தது. 8.20க்குப் பேட்டரி அளவைப் பார்த்தால் பாதிக்கு வந்திருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. குளிரில் பேட்டரி இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனவே குளிர் என்று முடிவு கட்டினோம். அன்று அப்படியொன்றும் கடும் குளிர் இல்லை. பனி இறங்கிய ஈரமான இரவு, அவ்வளவுதான். தெரிந்த காரணம் ஒன்று கையருகில் இருந்ததால் வேறு காரணத்தைத் தேடவில்லை.

அந்த நேரத்தில் மாற்று பேட்டரியைப் போட்டுவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ட்ரைபாட் தகடு பேட்டரி மூடியை மறைத்தபடி பொருந்தியிருந்தது. மாற்ற வேண்டுமானால் கேமராவைக் கழற்ற வேண்டும், 2 மணி நேரம் பார்த்துப் பார்த்து அமைத்த ஃபிரேம் போய்விடும். வேண்டாம், தாங்கும் என்று முடிவெடுத்தார். எனக்கும் சரி என்றே பட்டது.

8.30: தொடக்கம்

மூத்தவர் ஐஎஸ்ஓ 100 கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டிருந்தார், அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/5.6. கேபிளின் தகட்டைப் பூட்டு நிலைக்குக் கொண்டுவந்து அழுத்தினார், தண்டு நின்றது. கேபிளை இறுக்கமாகத் தொங்கவிடாமல் ஒரு வளையமாக விட்டு ட்ரைபாடின் காலில் டேப்பால் ஒட்டினார். காற்றில் கேபிள் ஆடினாலும் ஆட்டம் கேமராவுக்குப் போகக்கூடாது என்பதற்காக. இது நல்ல பழக்கம். வயர் ரிமோட் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம், தொங்கும் ரிமோட்டின் கனம் ஜாக்கை இழுக்காமல் இருக்கும்.

இளையவரின் முறை வேறு. ஒரே படமாக 2 மணி நேரம் திறந்து வைத்தால் சென்சாரில் இரைச்சல் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) கூடும், வானமும் வெளுத்துப்போகும். எனவே 30 விநாடிப் படங்களை இடைவெளியில்லாமல் எடுத்துப் பிறகு அடுக்கிக்கொள்வார். தொடர் படப்பிடிப்பில் வைத்து ரிமோட்டைப் பூட்டிவிட்டால் கேமரா ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுத்துக்கொண்டே போகும். இடைவெளி டைமர் ஏன் வேண்டாம் என்று கேட்டேன். பல கேமராக்களில் 30 விநாடி என்று காட்டுவது உண்மையில் 32 விநாடி, ஷட்டர் வேகங்கள் இரட்டித்து இரட்டித்துப் போகும் கணக்கு அது. டைமரை 31 விநாடிக்கு வைத்தால் ஒன்று விட்டு ஒரு படம் தவறும், 34க்கு வைத்தால் கோடுகளில் வெட்டு விழும். பொத்தானைப் பூட்டிவிடுவதுதான் இருப்பதிலேயே நெருக்கமான இடைவெளி தரும் என்றார். சரியான யோசனை, இன்றும் அதையே பரிந்துரைப்பேன். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்திருந்தார். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரத்துக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்துக் கோட்டைப் பாதியாக வெட்டிவிடும்.

8.52: மெக்கானிக்கல் ரிலீஸ்

இருட்டில் ஒரு சின்ன "டக்". இளையவரின் கேமரா அரை நிமிடத்துக்கு ஒருமுறை போடும் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. இது வேறு.

"சார், உங்க கேமராவா அது?"

"ஆமா தம்பி. மூடிடுச்சு."

சிவப்பு டார்ச்சில் பார்த்தால் தண்டு முழுக்க மேலே வந்திருந்தது. யாரும் தொடவில்லை, கேபிளும் டேப்பில் அப்படியே இருந்தது. பூட்டு மெல்ல மெல்ல வழுக்கி, ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தண்டைத் தூக்கிவிட்டிருக்கிறது. 22 நிமிடம் ஓடியிருந்தது, அதாவது ஐந்தரை பாகை வில்.

மூத்தவர் முன் இரண்டு வழி இருந்தது. எஃப்எம்2இல் ஒரே ஃபிரேமில் மறுபடி எக்ஸ்போஸ் செய்ய ஒரு நெம்புகோல் உண்டு. அதை வைத்து அதே ஃபிரேமைத் தொடரலாம். ஆனால் கையால் ஷட்டரை ஏற்றும்போது கேமரா சற்றாவது நகரும். ஷட்டர் மூடியபடி போகிற ஒவ்வொரு 4 நிமிடத்துக்கும் கோட்டில் 1 பாகை வெட்டு விழும். அவர் அந்த ஃபிரேமை அத்தோடு விட்டுவிட்டுப் புதிய ஃபிரேமுக்குப் போனார்.

பூட்டை இனி நம்புவதில்லை என்றும் தீர்மானித்தார். லென்ஸின் முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தண்டை அழுத்திப் பிடித்து, தண்டின் தலையையும் விரல் பிடியையும் சேர்த்து எலக்ட்ரிக் டேப்பால் நான்கு சுற்று சுற்றினார். கை எடுத்த பின் கேமரா அடங்குவதற்குச் சில விநாடிகள் விட்டுவிட்டு அட்டையை எடுத்தேன். மணி 9.05. டேப் 2 மணி நேரமும் தாங்கியது. 11.05க்கு மறுபடி அட்டையைப் பிடித்து டேப்பை அறுத்தோம்.

9.41: எலக்ட்ரானிக் ரிலீஸ்

இது எங்களுக்கு உடனே தெரியவில்லை. ஃபிலிம் கேமரா பழுதானபோது சத்தம் வந்தது. இதில் சத்தம் நின்றுபோனது, நின்றுபோன சத்தத்தைக் காது அவ்வளவு சீக்கிரம் கவனிப்பதில்லை. 9.47க்குத்தான் இளையவர் எழுந்து போய்ப் பார்த்தார். கேமரா செத்திருந்தது. கடைசிப் படத்தின் நேரம் 9.41. எடுத்தவை 130 சொச்சம் படங்கள்.

பேட்டரியை மாற்றக் கேமராவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஃபிரேமைத் திரும்ப அமைத்து, ஃபோகஸைத் திரும்பப் பிடித்து, 10.05க்கு மறுபடி தொடங்கினார். முன்பு எடுத்ததோடு இதைச் சேர்க்க வழியில்லை, இரண்டும் தனித்தனிப் படங்கள். ரிமோட்டை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது ஷட்டரை அடிக்கிறதே, அதில் என்ன குறை இருக்க முடியும்? அன்றைய முடிவுகளிலேயே பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன், அதில் எனக்கும் பங்கு உண்டு. 11.50க்கு லென்ஸில் பனி படியத் தொடங்கியதும் நிறுத்தினார்.

11.55: கண்டுபிடித்தது

நிறுத்திய பிறகுதான் உண்மை தெரிந்தது. ரிமோட்டின் பூட்டை விடுவித்துவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போனார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கேமராவின் வியூஃபைண்டருக்குள் ஷட்டர் வேகமும் அப்பெர்ச்சரும் காட்டும் எண்கள் எரிந்துகொண்டே இருந்தன. சாதாரணமாக விரலை எடுத்த சில விநாடிகளில் அவை அணைந்துவிடும். 5 நிமிடம் பார்த்தேன், அணையவில்லை. இளையவரைக் கூப்பிட்டுப் பிளக்கை உருவச் சொன்னேன். உருவிய சற்று நேரத்தில் அணைந்தது. செருகினோம், எரிந்தது. லென்ஸின் முனகலும் கூடவே வந்தது.

யாரும் தொடாதபோதும் ரிமோட் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே வைத்திருந்தது. ஃபோகஸ் வயர் எங்கோ கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் மெனு மூடிக்கொண்டது, பாதி அழுத்தினால் கேமரா படமெடுக்கத் தயாராகி மெனுவை விட்டு வெளியே வந்துவிடும். அதிர்வு தடுப்பும் 2 மணி நேரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்தது படமெடுத்த நேரத்தில் என்றாலும், கரைந்தது சும்மா காத்திருந்த நேரத்தில்.

விடியற்காலை

விடிந்ததும் எதிரே இருந்த மலைவிளிம்பை 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுக்க இளையவர் விரும்பினார், ஷட்டர் வேகம் 1/8. ரிமோட்டைப் பையில் போட்டுவிட்டு 2 விநாடி செல்ஃப் டைமரில் எடுத்தார். படங்கள் மங்கலாக வந்தன. கை படவே இல்லை, காற்றும் இல்லை. மிரர் லாக்கப்பை (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியை) ஆன் செய்ததும் தெளிவாகிவிட்டன. கண்ணாடி மேலே போய் அடிக்கும் அதிர்வு, ஏறத்தாழ 1/4 முதல் 1/60 வரையான வேகங்களில் நன்றாகவே தெரியும். எந்த ரிலீஸ் போட்டாலும் அந்த அதிர்வு போகாது, ஏனெனில் அது கேமராவுக்குள்ளேயே பிறக்கிறது. அசையாத பொருளை எடுக்க செல்ஃப் டைமரும் மிரர் லாக்கப்பும் போதும். பாறையில் அலை மோதும் கணத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் 2 விநாடி தாமதம் உதவாது, அங்கே ரிலீஸ் வேண்டும்.

வீட்டில் செய்த ஆய்வு

முதலில் வயர் ரிமோட். பனியின் ஈரம் பிளக்கில் இறங்கி மூன்று தொடுமுனைகளையும் இணைத்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருந்தது. அதை ஒதுக்க, 2 நாள் உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் மல்டிமீட்டரை எடுத்தோம். பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து ஒரு முனையைக் கிரவுண்டிலும் மற்றதை நடு வளையத்திலும் வைத்தோம். வயர் நேராக இருக்கும்போது சத்தமில்லை. பிளக்கின் அடியில் வயரை லேசாக வளைத்ததும் பீப் அடித்தது. கிரவுண்டுக்கும் நுனிக்கும் இடையே எப்படி வளைத்தாலும் ஒலிக்கவில்லை. ஆக ஈரம் இல்லை, வயர்தான். ஷட்டர் வயர் நன்றாக இருந்ததால் முந்தைய நாள் சோதனையில் எல்லாமே சரியாகத் தெரிந்தது.

வயரை ரிமோட்டைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி, பிளக்கை மடக்கிச் செருகி வைப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மடிப்பு. உள்ளே இன்சுலேஷன் தேய்ந்து இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன. மடிப்பு இருந்த பகுதியை வெட்டியெறிந்து புதிய 2.5 மில்லிமீட்டர் பிளக் ஒன்றைச் சால்டர் செய்தோம். பிறகு பத்து நிமிடம் வளைத்து நெளித்துப் பார்த்தும் பீப் இல்லை.

பேட்டரிக் கணக்கையும் சரிபார்க்க விரும்பினோம். அதே பேட்டரி, அதே லென்ஸ். ஒருநாள் மாலை பழைய பிளக் இருந்ததைப் போலவே ஃபோகஸ் வயரைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டு 2 மணி நேரம் விட்டோம், அளவு பாதிக்கு இறங்கியது. மறுநாள் எதுவும் செருகாமல் அதே 2 மணி நேரம் விட்டோம், அளவு அசையவில்லை. அறை வெப்பநிலையில் செய்தது இது. குளிரின் மேல் பழி போட்டது தவறு என்பது அதோடு உறுதியானது.

மெக்கானிக்கல் கேபிளில் காரணம் கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை, ஆனால் அதைச் சொல்ல மூத்தவருக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் முன்பு தண்டு சற்று இறுக்கமாக இருக்கிறதென்று அவரே இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டிருந்தார். தண்டு பட்டுப்போல ஓடியது. அந்த எண்ணெய் பூட்டுத் தகட்டுக்கும் தண்டுக்கும் இடையில் இறங்கிவிட்டது. உராய்வால் மட்டுமே பிடிக்கிற பூட்டில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்? நல்ல எண்ணத்தோடு, அக்கறையோடு செய்த பராமரிப்புதான் அது. அதனாலேயே அவர் அதைச் சந்தேகிக்கவில்லை.

கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல், பல்ப்பில் வைத்துப் பூட்டிப் பார்த்தோம். ஷட்டர் திறந்திருந்தால் லென்ஸ் வழியாக வெளிச்சம் கண்ணுக்கே தெரியும். முதல் தடவை 40 நிமிடம் தாங்கியது, இரண்டாவது தடவை 9 நிமிடம், மூன்றாவதில் 15. இப்படி ஒழுங்கில்லாமல் நடப்பதால்தான் நாலைந்து அழுத்தலில் இது தெரியாமல் போகிறது. உறைக்குள் போன எண்ணெயை முழுதாக எடுக்க முடியாது என்பதால் கேபிளை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, திருகுப் பூட்டு உள்ள ஒன்றை வாங்கினார். வாங்கியதும் கம்பியின் நுனி எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்தார். குறைவாக வந்தால் ஷட்டர் அடிக்காது. அளவுக்கு மீறி வந்து, நாமும் வேகமாக அழுத்தினால், உள்ளிருக்கும் பாகங்களுக்கு நல்லதல்ல.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உறைத்தது இதுதான். இரண்டு பேரும் சோதித்தது "அழுத்தினால் ஷட்டர் அடிக்கிறதா" என்பதை. ரிலீஸ் அன்று செய்ய வேண்டியிருந்த வேலைகளில் அது ஒன்று மட்டுமே. அழுத்தியதை 2 மணி நேரம் பிடித்து வைப்பது இன்னொன்று, அதில் கேபிள் தவறியது. அழுத்தாத நேரத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பது மூன்றாவது, அதில் வயர் தவறியது.

எந்த ரிலீஸ் என்ற கேள்வி

விவாதம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்காக. பெரும்பாலும் இதைத் தீர்மானிப்பது கேமரா, நாமில்லை. பொத்தானில் திருகு உள்ள கேமராவுக்கு கேபிள், ஜாக் உள்ளதற்கு வயர். 2013இல் வந்த நிக்கான் டிஎஃப், ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை போன்ற சில டிஜிட்டல் கேமராக்களில் பொத்தானிலேயே திருகு உண்டு, பழைய கேபிளை மாட்டலாம். அங்கே கம்பி கடைசியில் ஒரு மின் சுவிட்சைத்தான் அழுத்துகிறது. பாதி அழுத்தம் எங்கே முடிகிறது என்று கட்டைவிரலுக்குச் சரியாகத் தெரியாது, ஆகவே ஃபோகஸை முன்பே பிடித்துக்கொள்வது நல்லது.

அகச்சிவப்பு ரிமோட்டுக்கு கேமராவின் முகம் தெரிய வேண்டும், கேமராவின் பின்னால் நின்றால் பல நேரம் எடுக்காது. புளூடூத்தில் வயரே இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் பேட்டரி வேண்டும். இரவெல்லாம் நீளும் வேலைக்கு நான் இன்னும் கம்பியையோ வயரையோதான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்த முறை செய்தவை

அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே குன்றுக்குப் போனோம். கிளம்பும் முன் எஃப்எம்2வை ஃபிலிம் இல்லாமல் 2 மணி நேரம் பூட்டி வைத்துப் பார்த்தோம், ஷட்டர் மூடவில்லை. டிஎஸ்எல்ஆரில் ரிமோட்டைச் செருகி, தொடாமல் வைத்து, வியூஃபைண்டரின் விளக்கு அணைகிறதா என்று பார்த்தோம், வயரைப் பல பக்கம் வளைத்தும் பார்த்தோம். அணைந்தது. குன்றின் மேல் ரிமோட்டைத் தொடங்குவதற்கு 5 நிமிடம் முன்புதான் செருகினார் இளையவர். அதிர்வு தடுப்பை அணைத்து அதன் மேல் ஒரு துண்டு டேப்பும் ஒட்டினார். பேட்டரி மூடியை மறைக்காத எல் வடிவத் தகடு ஒன்றைப் பொருத்திக்கொண்டார். வயரை இப்போது அகலமான வளையமாகத்தான் சுருட்டுகிறார், பிளக்கை மடக்குவதில்லை. மூத்தவரின் பையில் இரண்டாவது கேபிளும் ஒரு ரோல் எலக்ட்ரிக் டேப்பும் இருந்தன.

இரண்டு கேமராவும் 2 மணி நேரம் தடையில்லாமல் ஓடின. இளையவருக்கு 220 படங்களுக்கு மேல் கிடைத்தன. கோடுகளில் வெட்டு இல்லை, நடுவே ஒரு விமானத்தின் விளக்கு மட்டும் குறுக்கே போயிருந்தது. அதையும் அழிக்காமல் விட்டுவிட்டார். மூத்தவரின் ஃபிலிமில் வில்கள் முழு 30 பாகை வந்தன. ஆனால் 2 மணி நேரத்தில் அடிவானத்து வெளிச்சம் சேர்ந்து வானம் சாம்பலாகிவிட்டது. முதல் நாள் பூட்டு வழுக்கி 22 நிமிடத்தில் நின்ற ஃபிரேமை அதனருகில் வைத்துப் பார்த்தார். அதில் வானம் நல்ல கறுப்பு, கோடுகள் குட்டையாக இருந்தாலும் கூர்மை. இனி அப்பெர்ச்சரை எஃப்/8க்குக் குறைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இளையவரின் வயரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. இதுவரை இரண்டு முறை பார்த்தாயிற்று, பீப் வரவில்லை.